உறுதிக் கடதாசியும் தெருவோரப் பந்தலும்

(கமக்காரரும் உத்தியோகத்தரும் கூடிய கூட்டமொன்றில் நிகழ்த்திய சொற்பொழிவு)



“கிராமத்துச் சனம் தெருவோரத்திற் குந்தியிருந்தால் அரசாங்கம் அசையுமா?” என்ற கேள்விக்கு விடை கூறுமாறு இக்கூட்டத்தை ஒழுங்கு செய்தோர் எம்மைப் பணித்திருக்கின்றனர். இக்கேள்வியை நாம் பல இடங்களிற் கேட்டிருக்கின்றோம். காணியை இழந்த கமக்காரரும் கேட்கின்றனர். ஒன்றையும் இழவாது சாய்மனைக் கதிரையிற் பத்திரிகை வாசித்திருப்போரும் கேட்கின்றனர். முன்னவர் கேட்பது நெஞ்சு நொந்து. பின்னவர் கேட்பது, பெரும்பாலும், தாம் வீட்டில் இருப்பதற்கு ஒரு நியாயம் தேடி. பின்னவருக்கு விடை கூற நாம் இங்கு வரவில்லை. முன்னவருக்கே கூற வந்துள்ளோம்; அதுவும் வாய்ப்பந்தல் போட்டு அன்று, நம் மண்ணில் நம் காலத்தில் நடந்தவற்றை வைத்தே கூறுவோம்.

2017ஆம் ஆண்டு ஜனவரி 31ஆந் திகதி. முல்லைத்தீவு மாவட்டத்திலே, கேப்பாப்பிலவைச் சேர்ந்த பிலக்குடியிருப்பு மக்கள், தமது காணிகள் விடுவிக்கப்படும் என்ற சொல்லை நம்பி விமானப்படை முகாமின் வாயிலிற் கூடினர். காணி விடுவிக்கப்படவில்லை. மக்கள் திரும்பிப் போகவுமில்லை. போவதற்கு வீடு எங்கே? வீடு வேலிக்கு அப்பால் இருந்தது. போரின் இறுதிக் காலத்தில் ஊரை விட்டு ஓடியவர்கள் அவர்கள். மெனிக் பாம் முகாமில் அடைபட்டுக் கிடந்து, 2012ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தில் அம்முகாம் மூடப்பட்ட காலத்திலும் கேப்பாப்பிலவு மக்களுக்குச் சொந்த மண் கிடைக்கவில்லை. வேறொரு காட்டுத் துண்டு ‘மாதிரிக் கிராமம்’ என்ற பெயருடன் கிடைத்தது. சொந்த ஊருக்குக் கூப்பிடு தூரத்தில் அகதியாக இருப்பதைக் காட்டிலும் மனத்தை அறுக்கும் காட்சி வேறில்லை. தான் நட்ட தென்னையிற் பிறர் தேங்காய் பறிப்பதைத் தெருவில் நின்று பார்க்க வேண்டும்.

ஆகவே அவர்கள் தெருவோரத்திலேயே இருந்தனர். இரவிற் பனி, பகலில் வெயில், இடைக்கிடை மழை. பெண்களே முன்வரிசை. பிள்ளைகள் புத்தகத்துடன் வந்து அங்கேயே படித்தனர். அடுப்பு மூட்டி அங்கேயே சமைத்தனர். ஒரு மாதம் இப்படிக் கழிந்தது. மார்ச் முதலாந் திகதி ஏறத்தாழ 42 ஏக்கர் காணி விடுவிக்கப்பட்டது.

42 ஏக்கர் ஒரு பெரிய காணியா என்று கொழும்பிற் கேட்பார்கள். யாழ்ப்பாணத்துத் தோட்டக் கணக்கிற் சொன்னால் 672 பரப்பு. ஒரு பரப்புக்கு எல்லை வழக்காடி இருபது வருடம் கோடேறிய வம்சத்தில் வந்தவர்களுக்கு அதன் பெறுமதியை நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை!

அந்த ஒரு மாதத்தில் நடந்ததை நாம் சட்டத்தரணியின் கண்ணோடு பார்க்க வேண்டும். அங்கே துப்பாக்கி ஏந்திய படையின் வாயிலில், ஒரு கல்லும் எறியப்படாமல், அரசாங்கம் ஒரு துண்டுக் காணியை விட்டுக் கொடுத்தது. எதனால்? இரக்கத்தினால் என்று சொல்பவர்கள் அரசாங்கங்களை அறியாதவர்கள். ஜெனீவாவில் மனித உரிமைகள் பேரவையின் கூட்டத்தொடர் அந்த வாரத்திலேதான் தொடங்கியிருந்தது. உலகின் பார்வை இலங்கைமீது இருந்த வேளை அது என்பதை நாம் மறைக்கப் போவதில்லை. ஆனால் ஜெனீவாக் கூட்டம் அதற்கு முன்னும் பலமுறை கூடியது. அப்போதெல்லாம் பிலக்குடியிருப்புக் காணி அசையவில்லையே! காலம் வாய்த்தபோது வாயிலில் ஆள் இருந்தது என்பதே உண்மை. வேளை வரும்போது விதைநெல் கையில் இருக்க வேண்டும் என்பது கமக்காரர் அறிந்த சங்கதி.

இன்னொன்றையும் கவனியுங்கள். அவர்கள் கேட்டது என்ன? “எங்கள் காணி, இன்ன இடத்தில், இன்ன எல்லையில் இருக்கின்றது, அதைத் தாருங்கள்.” இவ்வளவே. இந்தக் கோரிக்கைக்கு ‘ஆம்’ அல்லது ‘இல்லை’ என்று மட்டுமே பதில் சொல்லலாம். குழு அமைப்போம், ஆராய்வோம், பரிசீலிப்போம் என்று நழுவுவதற்கு அதில் இடமில்லை. நாம் கலந்துகொண்ட ஆர்ப்பாட்டங்கள் சிலவற்றிற் பதினேழு கோரிக்கைகள் அச்சடித்த துண்டுப்பிரசுரங்களைக் கண்டிருக்கின்றோம். முதலாவது கோரிக்கை அரசியல் தீர்வு; பதினேழாவது கோரிக்கை சந்தைக்கு மலசலகூடம். அதைக் கையேற்ற அதிகாரி பதினேழாவதை நிறைவேற்றிவிட்டு, “மக்களின் கோரிக்கையை ஏற்றோம்” என்று பத்திரிகைக்கு அறிக்கை விடுவார். அரசியல் தீர்வு வேண்டாம் என்று நாம் சொல்வதாக எவரும் திரிக்க வேண்டாம். அது ஓர் இனம் முழுவதும் கேட்க வேண்டியது. அதற்குரிய மேடை வேறு, அதற்குரிய போர்முறை வேறு.

1961ஆம் ஆண்டு பெப்ரவரி 20ஆந் திகதி யாழ்ப்பாணக் கச்சேரி வாயிலில் தொடங்கிய சத்தியாக்கிரகத்தை நம் மூத்தோர் அறிவர். தனிச் சிங்களச் சட்டத்தின் நிருவாகம் நம் மண்ணில் நடக்க விடோம் என்று வடக்கிலும் கிழக்கிலும் கச்சேரிகளின் முன் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். ஏப்ரல் 17ஆந் திகதி அவசரகால நிலை பிரகடனம் செய்யப்பட்டது; படை வந்தது; தலைவர்கள் தடுப்புக் காவலில் வைக்கப்பட்டனர். அது ஒரு கட்சி வகுத்த போர். தலைமையைத் தூக்கியதும் களம் கலைந்தது. அதன் பெருமையை நாம் குறைக்கவில்லை. ஆனால் பிலக்குடியிருப்பில் யாரைத் தூக்குவது? அங்கே தலைவர் என்று பெயர் பெற்றவர் எவருமில்லை. ஒரு தாயைப் பிடித்தால் அடுத்த பாயில் இன்னொரு தாய் இருக்கிறாள்; அவளுக்கும் அதே வேலிக்கு அப்பால் ஒரு கிணறு இருக்கிறது. கிராமத்துப் போராட்டத்தின் பலம் இங்கேதான்.

அதன் பலவீனம் எங்கே? இதைப் பற்றித்தான் நாம் சற்று விரிவாகப் பேச வேண்டும். ஏனெனில் வெற்றியின் கதையை எல்லோரும் பேசுகிறார்கள். வெற்றிக்கு மறுநாள் என்ன நடக்கும் என்பதை எவரும் பேசுவதில்லை.

பிலக்குடியிருப்புக் காணி கிடைத்த அந்த மார்ச் மாதத் தொடக்கத்திலேயே, கேப்பாப்பிலவின் ஏனைய பகுதி மக்கள், இராணுவத்தின் கையிலிருந்த தமது காணிகளைக் கேட்டுத் தெருவோரம் அமர்ந்தனர். அதே ஊர், அதே நியாயம், அதே அமைதி. இங்கே ஒரு மாதம் போதவில்லை. மாதங்கள் உருண்டன. அவ்வாண்டு டிசெம்பர் இறுதியில் 133 ஏக்கர் வரை விடுவிக்கப்பட்டது. மீதி விடுபடவில்லை, மீதிக்காக இருந்தவர்கள் ஆண்டுகள் கடந்தும் இருந்தார்கள். 

பகுதி பகுதியாக விடுவிப்பது தற்செயலன்று. நூறு குடும்பம் சேர்ந்து கேட்கும்போது அறுபது குடும்பத்துக்குக் கொடுத்தால், அறுபது குடும்பமும் மறுநாள் வேலி அடைக்கவும் கிணறு இறைக்கவும் போய்விடும். அவர்களைக் குறை சொல்ல முடியுமா? பத்து வருடம் காடு பிடித்த நிலத்தை ஒருவன் திருப்பிப் பெற்றால் அவன் முதலிற் செய்ய வேண்டியது காடு வெட்டுவதுதான். ஆனால் மிஞ்சிய நாற்பது குடும்பம் பந்தலிற் தனித்து விடப்படும். பத்திரிகைக்காரர் வருவது குறையும். அரசியல்வாதியின் வாகனம் பந்தலைக் கடக்கும்போது வேகம் கூடும். “உங்களுக்குத்தான் மாற்றுக் காணி தருகிறோமே, பிடிவாதம் ஏன்?” என்று அதிகாரி கேட்பார். அயலவரும் கேட்கத் தொடங்கிவிட்டால், பந்தல் தானாகவே சரியும்.

எனவே போராட்டம் தொடங்கும் நாளிலேயே ஒரு உடன்படிக்கை எழுதிவிட வேண்டும் என்பது நமது திடமான கருத்து. காணி முன்னுக்குக் கிடைத்தவர், எல்லோருக்கும் கிடைக்கும்வரை, கிழமைக்கு ஒரு நாளாவது தம் வீட்டில் ஒருவரைப் பந்தலுக்கு அனுப்புவது என்று ஊர்க் கோவிலிலோ தேவாலயத்திலோ வைத்து எழுதிக் கையொப்பமிட வேண்டும். இது நீதிமன்றத்திற் செல்லுபடியாகும் பத்திரமன்று. ஆயினும், நீர் முறை வைத்துக் குளத்து வாய்க்காலிலிருந்து தண்ணீர் பாய்ச்சும் நம் கமக்காரருக்கு முறை என்றால் என்னவென்று தெரியும். தன் வயல் நிறைந்ததும் வாய்க்காலை மறித்துக் கட்டுபவனை வட்டவிதானை என்ன செய்வார் என்பதும் தெரியும். அந்த நீர்முறை ஒழுக்கம் பந்தலுக்கும் வேண்டும்.

இனி இரணைதீவுக்கு வருவோம். கிளிநொச்சி மாவட்டம், பூநகரிப் பிரதேசத்தைச் சேர்ந்த இரட்டைத் தீவு அது. 1992ஆம் ஆண்டிலே அங்கிருந்து பெயர்ந்த மீனவ மக்கள் பெருநிலப்பரப்பில் இரணைமாதா நகரில் இருந்துகொண்டு, தம் தீவைக் கடலுக்கு அப்பால் பார்த்துக்கொண்டே ஒரு தலைமுறையை வளர்த்தனர். போர் முடிந்த பின்னும் கடற்படை அங்கு நின்றது, குடியேற விடவில்லை. 2017 மே முதலாந் திகதி அவர்களும் போராட்டத்தைத் தொடங்கினர். ஏறத்தாழ ஒரு வருடம் இருந்தார்கள். மனுக் கொடுத்தார்கள், வாக்குறுதி பெற்றார்கள், வாக்குறுதி நீரில் எழுதிய எழுத்தாயிற்று. 2018 ஏப்ரல் 23ஆந் திகதி, படகுகளில் வெள்ளைக் கொடி கட்டிக்கொண்டு, ஆணும் பெண்ணுமாகத் தம் தீவுக்குத் தாமே புறப்பட்டுச் சென்று இறங்கினர். கடற்படையுடன் மோதவில்லை. தம் தேவாலயத்துக்குச் சென்று வழிபட்டனர். பின்பு திரும்பி வரவில்லை; அவ்வளவுதான். அடுத்த மாதத்தில் அரசாங்கத்தின் அதிகாரிகள் தீவுக்கே வந்து, அவர்கள் அங்கிருப்பதை ஏற்றுக்கொண்டு பேச வேண்டியதாயிற்று.

பந்தலில் இருந்து பயனில்லை என்று கண்டபோது அவர்கள் கல்லை எடுக்கவில்லை, படகை எடுத்தார்கள். இது சட்டத்தை மீறியதா என்று நம்மைச் சிலர் கேட்டனர். நாட்டின் எப்பகுதிக்கும் சென்று வரவும், தான் விரும்பிய இடத்தில் வசிக்கவும் பிரசைக்கு உரிமையுண்டென்று அரசியலமைப்பின் 14ஆம் உறுப்புரை சொல்கின்றது. தன் வீட்டுக்குப் போனவன் சட்டத்தை மீறினான் என்றால், அவனைப் போகவிடாது மறித்தது எந்தச் சட்டத்தின்படி என்று முதலிற் காட்ட வேண்டும். காட்டினார்களா?

அந்தத் தீவு மக்களின் பக்குவத்துக்கு இன்னொரு சான்று உண்டு. 2021 மார்ச் மாதத் தொடக்கத்தில், கொரோனா நோயினால் இறந்தோரை அடக்கஞ் செய்ய இரணைதீவு தெரிவாகியுள்ளது என்று அரசாங்கம் அறிவித்தது. அதற்கு முன்னர் முஸ்லிம் மக்களின் உடல்களையும் வலிந்து எரித்து, அச்சமூகத்தின் நெஞ்சைப் புண்படுத்தியிருந்த காலம் அது. இரு சமூகங்களை மோதவிடுவதற்கு இதைக் காட்டிலும் நல்ல பொறி அகப்படாது. இரணைதீவார் எதிர்த்தனர்; ஆனால் அவர்களின் எதிர்ப்பு இடத்தைத் தெரிந்த அரசாங்கத்துக்கு எதிராகவே இருந்தது. முஸ்லிம் மக்கள் பக்கத்திலிருந்தும் அத்தீவு வேண்டாம் என்ற குரலே எழுந்தது. சில நாளில் அடக்கத்துக்கு மட்டக்களப்பு மாவட்டத்து ஓட்டமாவடி தெரிவாயிற்று. கோரிக்கையின் ஒவ்வொரு சொல்லையும் அயலவனின் காதால் ஒருமுறை கேட்டுப் பார்த்துவிட்டு எழுத வேண்டும் என்பது இதிலே உள்ள பாடம். இதை மேடைப் பேச்சாளர்களாகிய நம்மைப் போன்றோரே முதலிற் படிக்க வேண்டும்.

சட்டத்தைப் பற்றிச் சில சொல்வோம். கமக்காரர் பலர், பொலிசார் வந்து “கலைந்து போ” என்றதும் அதுவே சட்டம் என்று எண்ணுகின்றனர். அப்படியன்று. அமைதியாக ஒன்றுகூடுவதும் பேசுவதும் அதே 14ஆம் உறுப்புரை தரும் உரிமைகள். அவற்றைக் கட்டுப்படுத்த 15ஆம் உறுப்புரை இடந் தருகின்றது. ஆனால் அந்தக் கட்டுப்பாடு சட்டத்தினால் விதிக்கப்பட்டதாக இருக்க வேண்டும். ஒரு பொறுப்பதிகாரியின் கோபத்தினால் விதிக்கப்படுவதாக இருத்தலாகாது. ஊர்வலம் போவதாயின், பொலிஸ் கட்டளைச் சட்டத்தின் 77ஆம் பிரிவின்படி ஆறு மணித்தியாலத்துக்கு முன்னர் அருகிலுள்ள பொலிஸ் நிலையத்துக்கு அறிவித்தல் கொடுக்க வேண்டும். அதைக் கொடுங்கள், பிரதியிற் திகதியும் நேரமும் கையொப்பமும் வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு துண்டுக் கடதாசிக்காக ஓர் ஊரின் முயற்சி வீணாகக் கூடாது.

இப்போது அதிகம் கையாளப்படும் ஆயுதம் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 106ஆம் பிரிவு. பொலிசார் நீதவானிடம் சென்று, கலகம் விளையும் என்று கூறித் தடைக் கட்டளை பெறுகிறார்கள். பெரும்பாலும் ஒரு தரப்பை மட்டும் கேட்டே அது வழங்கப்படுகின்றது. கட்டளையைக் கிழிக்காதீர்கள், அவமதிக்காதீர்கள். வாங்கி வாசியுங்கள். எதைத் தடுத்திருக்கிறது? தெருவை மறிப்பதையா, இன்ன மதிலுக்குள் நுழைவதையா, அல்லது கூடுவதையே தடுத்திருக்கிறதா? தெருவை மறிக்காதே என்றால் தெருவோரத்துக்குத் தடையில்லை. அக்கட்டளை பொதுவாகப் பதினான்கு நாளுக்கு மேற் செல்லாது; அதற்கிடையிலும் அதே நீதவானின் முன் தோன்றி, நடந்ததைச் சொல்லி, மாற்றவோ நீக்கவோ கேட்கலாம். நமது அனுபவத்தில், ஊர்ப் பெண்கள் இருபது பேர் வெள்ளைச் சேலையுடன் நீதிமன்றத்தில் அமைதியாக அமர்ந்திருக்க, சட்டத்தரணி எழுந்து பேசுவதற்கும், வெறும் மன்றில் பேசுவதற்கும் வித்தியாசம் உண்டு. சட்டப் புத்தகத்தில் இது எழுதப்படவில்லை, ஆயினும் உண்மை.

யாரேனும் கைதாகி உரிமை மீறப்பட்டால், 126ஆம் உறுப்புரையின் கீழ் உயர் நீதிமன்றத்துக்கு மனுச் செய்வதற்கு ஒரு மாதந்தான் தவணை. ஒரு மாதம்! கொழும்புக்குப் போய், சட்டத்தரணி பிடித்து, சத்தியக்கடதாசி எழுதி முடிப்பதற்குள் அது ஓடிவிடும். அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் முறைப்பாடு செய்தால், அங்கே விசாரணை நடக்கும் காலம் இந்தத் தவணையிற் சேராது என்று 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் 13ஆம் பிரிவு கூறுகின்றது. யாழ்ப்பாணத்தில் அதற்கு அலுவலகம் உண்டு. பேருந்துக் காசோடு செய்யக்கூடிய காரியம் இது.

இப்போது உறுதிக் கடதாசிக்கு வருவோம். இதைச் சொல்லத்தான் நாம் உண்மையில் இங்கு வந்தோம்.

2013 ஏப்ரலில், வலிகாமம் வடக்கில் 6,381 ஏக்கர் காணியைப் பொதுத் தேவைக்கென எடுப்பதற்குக் காணி எடுத்தற் சட்டத்தின் இரண்டாம் பிரிவின் கீழ் அறிவித்தல் ஒட்டினார்கள். 1990இல் ஊரை விட்டு ஓடி, இருபத்து மூன்று வருடம் முகாமிலும் உறவினர் வீட்டிலும் கிடந்தவர்களின் மண் அது. செம்பாட்டு மண், வெங்காயமும் புகையிலையும் வாழையும் தந்த மண். ‘உரிமையாளரைக் கண்டுபிடிக்க முடியவில்லை’ என்ற பாவனையில் அந்த அறிவித்தல் மரங்களில் ஒட்டப்பட்டது! ஆயிரத்துக்கும் மேற்பட்ட உரிமையாளர் மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்குச் சென்று, “நாம் இங்கேதான் இருக்கின்றோம்” என்று உறுதியும் கையுமாக நின்றனர். தெல்லிப்பழையில் உண்ணாவிரதம் இருந்ததும் அதே மக்கள். 2015க்குப் பின் அந்த மண் துண்டு துண்டாகத் திரும்பத் தொடங்கியது. வழக்கு மட்டும் இருந்திருந்தால் தவணை மேல் தவணை போயிருக்கும். உண்ணாவிரதம் மட்டும் இருந்திருந்தால், “இவர்கள் யார், இவர்களுக்கு இங்கு காணி உண்டா?” என்று கேட்டிருப்பார்கள். இரண்டும் ஒரே ஆட்களின் கையில் இருந்தன.

2025 மார்ச் 28ஆந் திகதிய வர்த்தமானியை மறந்திருக்க மாட்டீர்கள். காணி நிர்ணயக் கட்டளைச் சட்டத்தின் கீழ், வடமாகாணக் கரையோரத்தில் 5,940 ஏக்கருக்குச் சற்று மேற்பட்ட நிலம். யாழ்ப்பாணம், முல்லைத்தீவு, கிளிநொச்சி, மன்னார் ஆகிய நான்கு மாவட்டங்களிலும். மூன்று மாதத்துக்குள் உரிமை கோராவிடின் அரச காணியாகும் என்றது. வெடிச்சத்தம் இல்லை, படை இல்லை, வேலி இல்லை. ஒரு அச்சுத் தாள். 2004இன் ஆழிப்பேரலையில் உறுதியைக் கடலுக்குக் கொடுத்தவனும், 2009இல் உடுத்த துணியுடன் ஓடியவனும், வெளிநாட்டில் இருப்பவனும் மூன்று மாதத்தில் எதைக் காட்டுவான்? கரையோரக் கிராமங்களிற் சட்டத்தரணிகள் சென்று மேசை போட்டிருந்து மக்களின் உரிமைக் கோரிக்கைகளை எழுதிக் கொடுத்தனர். எதிர்ப்பு எழுந்தது. உயர் நீதிமன்றத்திற் தாக்கலான மனுவின்மீது ஜூன் 27ஆந் திகதி இடைக்காலத் தடை வழங்கப்பட்டது. அரசாங்கமும் அவ்வர்த்தமானியை மீளப்பெற்றது. இதில் மகிழ்ச்சி உண்டு. ஆனால் அத்தாள் மீளப்பெறப்பட்டதனால் கடலிற் போன உறுதி கரைக்கு வந்துவிடவில்லை. இன்னொரு தாள் இன்னொரு பெயரில் வருமாயின் அன்றும் நாம் மூன்று மாதத்துக்குள் ஓடித் திரிவதா?

கற்றோரே, இங்கேதான் உங்கள் வேலை. போராட்டப் பந்தலுக்கு நீங்கள் வந்து ஒலிவாங்கியைப் பிடிப்பது வேலையன்று. அதைச் செய்ய ஆட்கள் நிறைய உண்டு. படம் எடுத்துக்கொண்டு மாலைக்குள் வீடு திரும்புவதும் வேலையன்று. நில அளவையாளர் ஒருவர், ஊர் முதியவர் இருவரை வைத்துக்கொண்டு, பழைய வரைபடத்தை இன்றைய நிலத்துடன் பொருத்திக் கொடுத்தால் அது ஆயிரம் கோஷத்துக்குச் சமம். ஆசிரியை ஒருவர் பந்தலின் நாட்குறிப்பை எழுதலாம்: இன்று எத்தனை பேர் இருந்தனர், எந்த அதிகாரி வந்தார், என்ன வாக்குக் கொடுத்தார், எத்தனை மணிக்குப் போனார். ஒரு வருடம் கழித்து, “நாம் அப்படிச் சொல்லவேயில்லை” என்று மறுப்பவர் முன் அந்தக் கொப்பியை வைத்தால் முகம் கறுக்கும். கணக்காளர் ஒருவர் பணக் கணக்கைப் பார்க்கட்டும். வெளிநாட்டிலிருந்து உறவுகள் அன்போடு அனுப்பும் காசு பந்தலுக்குச் சோறும் போடும், சண்டையும் போடும். இது நாம் கண்டது. வந்ததும் செலவானதும் கரும்பலகையில் எழுதித் தொங்கவிடப்பட வேண்டும். தெருவிற் போகிறவனும் வாசிக்கட்டும், பொலிசாரும் வாசிக்கட்டும்.

தகவலறியும் உரிமைச் சட்டம், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கம், நம் கையில் இருக்கின்றது. “எமது காணி யாரிடம், எந்த உத்தரவின்படி இருக்கின்றது?” என்று தமிழில் எழுதிப் பிரதேச செயலகத்தின் தகவல் உத்தியோகத்தரிடம் கொடுத்தால், பதினான்கு வேலைநாளுக்குள் அவர் முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் மேன்முறையீடு உண்டு; அதற்கு மேல் ஆணைக்குழு உண்டு. விண்ணப்பத்துக்குக் கட்டணம் இல்லை. வந்த பதில் நமக்குப் பாதகமாக இருந்தாலும் நல்லதே. அதை வைத்துக்கொண்டு நீதிமன்றம் போகலாம். பதிலே இல்லாத மௌனத்தைத்தான் எந்த நீதிமன்றத்திலும் கட்டி இழுக்க முடியாது.

கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் 2017 பெப்ரவரியிலிருந்து இருந்த தாய்மாரைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே என்று நீங்கள் நினைக்கக்கூடும். வேண்டுமென்றே சொல்லவில்லை. அவர்கள் கேட்டது காணியன்று, பிள்ளை. ஆயிரம் நாள், இரண்டாயிரம் நாள் என்று அப்பந்தல்கள் கண்ட காலத்தை ஏக்கர்க் கணக்கோடு வைத்து வெற்றி தோல்வி பேசுவது முறையாகாது. அவர்களுக்குத் தனியே ஒரு கூட்டம் வேண்டும்; அங்கே பேச்சாளர் குறைவாகவும் கேட்போர் அதிகமாகவும் இருக்க வேண்டும்.

கூட்டத்தின் தொடக்கத்தில் ஒரு முதியவர் எம்மிடம் கேட்டார்: “தம்பி, உறுதி உள்ளவனுக்குத்தான் உங்கள் பேச்சு. உறுதியில்லாமல் மூன்று தலைமுறை குடியிருந்தவன் என்ன செய்வது?” நியாயமான கேள்வி. உறுதி எழுதிக்கொள்ள வசதியிருந்தவரும் இல்லாதவரும் நம் சமூகத்தில் எவ்வாறு பிரிந்திருந்தனர் என்பது எல்லோருக்கும் தெரியும். அந்தப் பிரிவைப் படை உண்டாக்கவில்லை, நாமே உண்டாக்கி வைத்தோம். ஆட்சி உரிமையை நிறுவ உறுதி ஒன்றே வழியன்று. பழைய வாக்காளர் இடாப்பிற் பெயர், பிள்ளையின் பிறப்புச் சான்றிதழில் உள்ள விலாசம், பங்குக் கூப்பன் அட்டை, பாடசாலை இடாப்பு, சோலைவரி ரசீது, கோவிலுக்கு நெல் கொடுத்த பற்றுச்சீட்டு, அயலவர் இருவரின் சத்தியக்கடதாசி ஆகிய இவற்றில் இரண்டு மூன்று சேர்ந்தால் ஒரு கயிறு திரிக்கலாம். அனுமதிப்பத்திரம் பெற்றுப் பின் தொலைத்தவர்களுக்குக் காணிக் கச்சேரிப் பேரேட்டில் பதிவு இருக்கக்கூடும். உறுதி இருந்து தொலைத்தவர்கள் காணிப் பதிவகத்திற் தேடிப் பிரதி எடுக்கலாம். நொத்தாரிசின் பெயரோ ஊரோ நினைவிருந்தால் தேடல் இலகு.

கூட்டம் முடிந்ததும் மண்டபத்தின் பின்புறத்தில் இரண்டு மேசைகள் போடப்பட்டிருக்கும். இளஞ் சட்டத்தரணிகள் நால்வரும், ஓய்வுபெற்ற நில அளவையாளர் ஒருவரும் இருப்பர். கையில் உள்ள எந்தக் கடதாசியையும், கிழிந்ததாயினும் கறையான் தின்றதாயினும், கொண்டு வாருங்கள். கடதாசியே இல்லாதவர்கள் முதல் மேசைக்கு வாருங்கள். அவர்களின் அலுவல்தான் நேரம் எடுக்கும்.